ரதியின் முகத்தில் ஓடிய கறுப்புப் பட்டை

இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வீடியோத் துண்டை அனுப்பியிருக்கிறாள். நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காகத் தங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை, அதாவது சிவன் காமனை எரித்த கதையை ஆடும் கூத்தை, நண்பர்களோடு சேர்ந்து போனில் எடுத்ததாம். மாசி மாதக் குளிர், நள்ளிரவு நேரம், காமன் பொட்டலைச் சுற்றிச் சனம். தப்புப் பறை அடங்கி, காமனின் மனைவி ரதி அழத் தொடங்குகிறாள். வேடம் கட்டியவர் ஓர் ஆண்தான், ஆனால் அழுகை அசல். அந்த அழுகிற முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கூடவே எழுதியிருந்தாள்: “நேரில் பார்க்கும்போது வெளிச்சம் நல்லாத்தான் இருந்திச்சு, சேர். போனில் மட்டும் கோடு ஓடுது. காமனைப் படம் எடுக்கக் கூடாதுன்னு அன்றைக்கே ஒரு தாத்தா சொன்னார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிற இடத்தில் லைட்டெல்லாம் அணைச்சுட்டுத் தீப்பந்தம் கொளுத்தினாங்க. அந்த இடத்தில் மட்டும் கோடே இல்லை. இப்போ எல்லாரும் தாத்தா சொன்னதுதான் சரி என்கிறாங்க.”

தாத்தாவை நான் குறைத்துப் பேச மாட்டேன். தீ வந்ததும் கோடு போனது என்பது உண்மையான அவதானம், நல்ல தடயம். அதற்கு அவர் சொன்ன காரணத்தோடுதான் எனக்குச் சண்டை.

மின்சாரத்தைப் பற்றிச் சாதாரண தர வகுப்பில் படித்ததே போதும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. ஆகவே விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. பழைய குண்டு பல்பில் இது பெரிதாகத் தெரியாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல அதன் இழை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எல்.ஈ.டி.க்கு அந்த ஞாபகம் கிடையாது. மின்னோட்டம் போனால் ஒளியும் போய்விடும். நல்ல எல்.ஈ.டி. விளக்கில் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கொள்ளளவி (capacitor) இந்தப் பள்ளத்தை நிரப்பும். மலிவான ஃபிளட் லைட்டில் விலையைக் குறைக்க முதலில் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான். நம் கண் இவ்வளவு வேகமான துடிப்பைப் பிரித்துப் பார்ப்பதில்லை, சராசரியாக எடுத்துக்கொள்கிறது.

கெமரா அப்படியல்ல. போனுக்குள் இருக்கும் ஒளி உணரி ஆயிரக்கணக்கான கிடை வரிசைகளால் ஆனது. கணித பாடத்தில் தாயம் (matrix) என்கிற எண் அட்டவணைக்கு நிரை, நிரல் என்று படிக்கிறோமே, அந்த நிரை. கொழுந்து மலையில் ஆளுக்கொன்றாகப் பிடிக்கிற நிரை என்று வைத்துக்கொண்டாலும் சரி. படம் எடுக்கும்போது எல்லா நிரைகளும் ஒரே கணத்தில் விழிப்பதில்லை. முதல் நிரை ஒளியை வாங்கத் தொடங்கும், ஒரு துளி நேரம் கழித்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று கடைசி வரை போகும். ரயிலிலிருந்து வீடியோ எடுத்திருந்தால் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பதுளைப் பாதையில் ஜன்னலுக்கு அருகே ஓடுகிற கம்பங்கள் சாய்ந்து தெரியும். மேல் நிரை பார்த்த நேரம் வேறு, கீழ் நிரை பார்த்த நேரம் வேறு. இடையில் கம்பம் நகர்ந்துவிட்டது.

இந்த வகை உணரி எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1990களில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வுகூடத்தில், எரிக் ஃபோசம் என்பவரின் குழு விண்கலத்துக்குச் சின்னக் கெமரா வேண்டும் என்று உருவாக்கியது. ‘சோற்றுக்கு வழியில்லை, விண்வெளிக்கு என்ன செலவு’ என்று கேட்பவர்களிடம் நான் அவர்கள் கையில் இருக்கிற போனைக் காட்டுவது வழக்கம். எங்கள் நாட்டில் ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிற பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கட்டுரை முடியாது. விடுவோம்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம்.

தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பீலிக்கரையை, அதாவது குழாய் வழியே தண்ணீர் கொட்டுகிற இடத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீலி அல்ல, வரிசையாக ஆயிரம் பீலிகள். எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரே தாளத்தில் பெருகி, இளைத்து, மறுபடி பெருகுகிறது. ஒரு சுற்றுக்கு 10 செக்கன். உண்மையில் விளக்கின் ஒரு சுற்று 10 மில்லிசெக்கன்தான், நாம் ஆயிரம் மடங்கு மெதுவாக்கிப் பார்க்கிறோம். ஒவ்வொரு பீலியின் கீழும் ஒரு குடம். குடம் என்பது ஒரு நிரை. எல்லாக் குடங்களையும் ஒரே அளவு நேரம்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, சற்றுப் பிந்திப் பிந்தி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு குடத்தையும் 4 செக்கன் பிடிக்கிறோம் என்போம். பெருக்கில் வைத்த குடத்துக்கு நிறையத் தண்ணீர். இளைப்பில் வைத்த குடத்துக்கு அடி நனைந்தால் பெரிது. வரிசையைத் தள்ளி நின்று பார்த்தால் நிறைந்த குடங்கள் ஒரு கூட்டம், வெறுங்குடங்கள் ஒரு கூட்டம், மறுபடி நிறைந்த கூட்டம். அந்த வெறுங்குடக் கூட்டம்தான் ரதியின் முகத்தில் ஓடிய பட்டை. ஃபிளட் லைட்டின் பளீர் வெளிச்சத்தைப் பார்த்த போன், ஒவ்வொரு நிரையும் ஒளி வாங்குகிற நேரத்தை, அதாவது ஷட்டர் நேரத்தை, தானாகவே 1/240 செக்கன் மாதிரிச் சுருக்கியிருக்கும். அது நம் கணக்கில் ஏறத்தாழ 4 செக்கன்.

சரி, குடத்தைச் சரியாக 10 செக்கன் பிடித்தால்? பெருக்கில் தொடங்கிய குடம் பெருக்கையும் வாங்கும், பிறகு இளைப்பையும் வாங்கும். இளைப்பில் தொடங்கியது முதலில் இளைப்பையும் பிறகு பெருக்கையும் வாங்கும். நடுவில் எங்கு தொடங்கினாலும் ஒரு முழுச் சுற்று அதற்குள் அடங்கிவிடும். எல்லாக் குடத்திலும் ஒரே மட்டம்! இதில் அழகு என்னவென்றால், தண்ணீர் எந்த வடிவத்தில் பெருகி இளைக்கிறது என்பது நமக்குத் தேவையே இல்லை. மெல்ல ஏறிச் சட்டென்று விழுந்தாலும் சரி, பாதி நேரம் சுத்தமாக வற்றிக் கிடந்தாலும் சரி, முழுச் சுற்றுக்குப் பிடித்தால் விடை ஒன்றே. நுண்கணிதத்தில் இதை ஒரே வரியில் நிறுவலாம். குடத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு வரியும் வேண்டாம்.

20 செக்கன் பிடித்தால் இரண்டு முழுச் சுற்று, அதுவும் சமம். 17 செக்கன் பிடித்தால் ஒரு சுற்றுப் போக மீதி 7 செக்கன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, பட்டை மெல்லியதாகத் திரும்பி வரும். இந்த 17தான் 1/60 செக்கன். 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்குப் பொருத்தமான எண், நமக்கல்ல. நம் ஊர் எண்கள் 1/50, 1/100.

மாணவர்களுக்குப் படப்பிடிப்புச் சொல்லிக்கொடுக்கிற பலர் ‘25 ஃப்ரேமில் (செக்கனுக்கு 25 படமாக) எடு, கோடு வராது’ என்கிறார்கள். நானும் ஒரு பாட்டு வீடியோ எடுத்த இடத்தில் இதையே மந்திரம்போலச் சொல்லி, பட்டையோடு வீடு வந்தவன்தான். 50 ஹேர்ட்ஸ் நாடுகளின் பழைய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையிலிருந்து வந்தது இந்த 25. அதில் ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெக்கன், அதாவது விளக்கின் சரியாக நான்கு சுற்று. ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமிலும் பட்டை அதே இடத்தில் விழும். ஓடாது, நின்றுவிடும். போகாது! 30 ஃப்ரேமில் மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல், மூன்றும் மூன்றில் ஒன்றும். அதனால் பட்டை ஒவ்வொரு தடவையும் தாவி ஓடுகிறது. அதே 30 ஃப்ரேமில் ஷட்டரை மட்டும் 1/50இல் பூட்டினால் பட்டை மறைந்துவிடும். குணப்படுத்துவது ஷட்டர். காரணம் தெரியாமல் சொல்லுகிற 25க்கும், காமனின் கோபத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் தாத்தாவாவது தீயைக் கவனித்தார்.

தீப்பந்தம் மின்சாரத்தைக் கேட்டு எரிவதில்லை. அதுவும் துடிக்கும், ஆனால் விளக்கோடு ஒப்பிட்டால் சோம்பேறித் துடிப்பு. முதல் நிரையிலிருந்து கடைசி நிரை வரை படிக்கிற அந்தச் சின்ன நேரத்துக்குள் சுடர் அதிகம் மாறாது. முழுப் படமும் சேர்ந்து கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பந்தத்திலும் பெட்ரோமாக்ஸிலும் காமன் கூத்து ஆடிய காலத்தில் இந்தப் போன் இருந்திருந்தால் ஒரு கோடும் விழுந்திருக்காது. காமன் மாறவில்லை, விளக்குத்தான் மாறியிருக்கிறது.

தாத்தாவை நம்ப வைக்க வழியும் இருக்கிறது. ஓர் ஈர்க்கை எடுத்து அதே ஃபிளட் லைட்டின் கீழ் வேகமாக ஆட்டிக் காட்டுங்கள். கெமராவே வேண்டாம், விசிறி விரித்ததுபோல ஈர்க்கு பலவாகத் தெரியும். பந்தத்தின் முன் ஆட்டினால் வெறும் மங்கல்தான்.

இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, வண்ணம் மாற்றுகிற மேடை விளக்குகள். அவற்றை மங்கச் செய்தால் உண்மையில் ஒளி குறைவதில்லை. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான தடவை அணைந்து எரிகின்றன, அணைந்திருக்கிற பங்கு கூடுகிறது. அந்தத் துடிப்பு நம் 50ஐ மதிக்க வேண்டியதில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள்: விளக்கை முழு வெளிச்சத்தில் விட்டு, தூரம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் சற்று விலக்கி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். இரண்டாவது, ஜெனரேட்டர். கரண்ட் போய் அதற்கு மாறினால், ஒலிபெருக்கி, விளக்கு என்று சுமை ஏறி இறங்கும்போது அதன் வேகமும் 50ஐ விட்டுக் கொஞ்சம் நழுவும். அப்போது 1/50இலும் மெல்லிய பட்டை ஊர்ந்து வரலாம்.

பாட்டு வீடியோவில் மெதுவோட்டம் வேண்டுமென்றால் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு வாயசைக்கச் சொல்லி, 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டுவார்கள். அதற்கு 1/100 ஷட்டர். 120 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கே 8 மில்லிசெக்கன்தான், ஒரு முழுச் சுற்று அதற்குள் அடங்காது. அதைப் பகலில் எடுங்கள், சூரியனுக்கு ஹேர்ட்ஸ் கிடையாது.

தங்கச்சி, உங்கள் பள்ளியில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாததால்தான் கலைப்பிரிவுக்கு வந்ததாக எழுதியிருந்தாய். மலையகத்தில் இந்தக் கதை ஒரு வீட்டுக் கதையல்ல. ஆனால் நீ கேட்டது முழுக்கப் பௌதிகவியல் கேள்வி. அடுத்த தடவை போனில் ஷட்டரைக் கையால் மாற்றுகிற வசதியைத் தேடிப்பார். இல்லாவிட்டால் அமைப்புகளில் 50 ஹேர்ட்ஸ் என்று ஒரு தெரிவு இருக்கிறதா பார், இருந்தால் அதைப் போடு. இன்னொன்று: உன் வீடியோவில் தப்புக்காரரின் குச்சி தோலைத் தொட்ட பிறகுதான் சத்தம் கேட்கிறது, கவனித்தாயா? நீ மேட்டிலிருந்து எடுத்திருக்கிறாய். ஒலிக்கு 34 மீற்றர் வர ஏறத்தாழ செக்கனில் பத்தில் ஒரு பங்கு வேண்டும், அதற்குள் மூன்று ஃப்ரேம் ஓடிவிடும். தப்புக்குப் பக்கத்தில் இன்னொரு போனை ஒலிக்கு மட்டும் வை. தொடங்கும்போது இரண்டு போனுக்கும் நடுவில் ஒரு தடவை கைதட்டச் சொல். எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த அந்தத் தட்டு போதும்.