சாட்டையின் நுனியில் ஒரு தொழிற்சாலை

"ஒரு மாதம் கேட்ட பொருள் கிடைப்பதில்லை. அடுத்த மாதம் போனால் அதே பொருள் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இதைக்கூடக் கணக்குப் போட முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். ஆனால் அதற்கு முன்னால், எல்லோரும் ஒழுங்காகக் கணக்குப் போட்டாலே இந்தக் குளறுபடி எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

தொழிற்சாலை, அதனிடம் வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று நான்கு கைகள். எல்லோருக்கும் ஒரே விதி: இந்த வாரம் எவ்வளவு போனதோ அவ்வளவு ஸ்டாக் வார முடிவில் கையில் இருக்க வேண்டும். வாரம் 100 பெட்டி விற்கும் வரை எல்லா இடத்திலும் 100 வந்து 100 போகிறது.

ஒரு வாரம் கடையில் 110 பெட்டிக்குக் கேட்பு வருகிறது. கூடுதல் வெறும் பத்துதான். கடைக்காரர் போன 110-ஐ நிரப்ப வேண்டும், ஸ்டாக்கையும் 100-இலிருந்து 110-ஆக உயர்த்த வேண்டும். ஆக 120-க்கு ஆர்டர். மொத்த வியாபாரியின் கண்ணில் படுவது அந்த 120 மட்டும்தான். அவரும் அதே விதிப்படி, 120-ஐக் கொடுத்துவிட்டு ஸ்டாக்கை 20 உயர்த்த, 140 கேட்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் 180 கேட்கிறார். தொழிற்சாலை 260 பெட்டி தயாரிக்கிறது.

அடுத்த வாரமும் கடையில் அதே 110 விற்கிறது. இப்போது ஸ்டாக்கை உயர்த்தும் வேலை இல்லை. கடைக்காரர் 110 கேட்கிறார். போன வாரம் 120 பார்த்த மொத்த வியாபாரிக்கோ வியாபாரம் இறங்குவதுபோல் தெரிகிறது. 100 போதும் என்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் 60 கேட்கிறார். தொழிற்சாலையில் 180 பெட்டி கிடக்கிறது. 60 போனாலும் 120 மிச்சம். அந்த வாரம் உற்பத்தி பூஜ்யம்.

விரிதாளில் இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது சூத்திரத்தில் ஏதோ தப்பு என்று இரண்டு முறை சரிபார்த்தேன். தப்பே இல்லை. வாடிக்கையாளர் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கியதற்கு, தொழிற்சாலை ஒரு வாரம் இரண்டரை மடங்குக்கு மேல் ஓடி, மறு வாரம் பூட்டிக் கிடக்கிறது. இத்தனைக்கும் கேட்ட சரக்கு அந்த வாரமே வந்து சேர்வதாக வைத்துக்கொண்டோம். நிஜத்தில் சரக்கு வர வாரக்கணக்காகும். ஆட்டம் இன்னும் மோசமாகும்.

சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி சுழன்று அறைகிறது அல்லவா? அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரெஸ்டர் 1958-இலேயே இந்த ஆட்டத்தை விளக்கி எழுதிவிட்டார். பிறகு பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனம் தன் குழந்தை டயப்பர் ஆர்டர்களில் இதைப் பார்த்து விழித்தது. குழந்தைகள் டயப்பர் நனைக்கும் வேகம் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின. 1997-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஆர்டரைப் பார்த்துத் தேவையை ஊகிப்பது ஒன்று. மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வருமென்று தெரிந்தால் 'பாதிதான் தருவார்கள், இரட்டிப்பாகக் கேட்டு வைப்போம்' என்று நினைப்பது ஆகியவை மற்ற மூன்று.

சரி, தரவு எங்கே உதவுகிறது? பில் போடும்போது பார்கோடில் விழும் அந்தச் சிவப்பு ஒளியில். கடையில் நிஜமாக விற்ற 110 என்ற எண்ணை நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டிவிடுங்கள். இப்போது ஒவ்வொருவரும் ஸ்டாக்கைப் பத்துப் பத்துதான் உயர்த்துவார்கள். ஆர்டர்கள் 120, 130, 140, தொழிற்சாலையில் 150. அடுத்த வாரம் எல்லா இடத்திலும் 110. முன்பு ஒவ்வொரு கையிலும் இரட்டித்தது, இப்போது வெறுமனே கூடுகிறது.

இன்னொரு படி போகலாம். ஒரு வார விற்பனையைப் பார்த்துப் பதறாமல், கடைசி நான்கு வாரச் சராசரியை வைத்து ஸ்டாக்கைத் தீர்மானித்தால்? சராசரி முதல் வாரம் இரண்டரைதான் ஏறும். நான்கு கைகளுக்கும் சேர்த்து ஸ்டாக் பத்துதான் உயரும். தொழிற்சாலை நான்கு வாரத்துக்கு 120, பிறகு 110. ஒரே வாரத்தில் மேலே ஏற்றிய அதே 40 பெட்டி, நான்கு வாரமாகப் பிரிந்து ஏறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடச் சராசரி போதும்.

ஆனால் இதற்கு விற்பனைக் கணக்கை அடுத்தவருக்குக் காட்ட மனம் வர வேண்டும். அங்கேதான் பல திட்டங்கள் முடங்குகின்றன. கணக்கைக் காட்டினால் நம் குடுமி அவர் கையில் போய்விடும் என்ற பயம். அதைப் பேசித் தீர்க்காமல் பளபளக்கும் முன்கணிப்பு மென்பொருளை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால், நல்ல நேரம் பார்த்துப் பழைய கடையையே திறக்கிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

தரவும் சில நேரம் பொய் சொல்லும். அலமாரியில் பொருள் இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம். அதைத் தேவையே இல்லை என்று எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அடுத்த ஆர்டரைக் குறைத்துவிடும். இதைவிட விபரீதம் பேய் ஸ்டாக். மூன்று பெட்டி இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. நிஜத்தில் திருடு போனதோ உடைந்ததோ, ஒன்றும் இல்லை. கணக்கில் மூன்று இருப்பதால் ஆர்டர் போகாது. அலமாரியில் இல்லாததால் விற்பனையும் நடக்காது. யாரும் கவனிக்கவில்லை என்றால் இது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

பிடிக்க வழி உண்டு. சராசரியாக நாளுக்கு இரண்டு விற்கும் பொருள், தற்செயலாகத் தொடர்ந்து மூன்று நாள் ஒன்றுகூட விற்காமல் இருப்பதற்கான வாய்ப்பை, இப்படித் தற்செயலாக நடப்பவற்றை எண்ணும் பாய்சான் பரவல் என்ற கணிதச் சூத்திரத்தை வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 400-இல் 1. அப்படியொரு மௌனம் தெரிந்ததும் மென்பொருள் ஒரு வரி அச்சடிக்கிறது: யாராவது போய் அந்த அலமாரியைப் பாருங்கள்.