பயிற்சி விமானத்தில் பிள்ளையை ஏற்றும் முன் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

விமானிப் பயிற்சிக்குப் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பெற்றோர் கைக்கு வருவது கட்டண ரசீது, சீருடை அளவுத் தாள், ஒரு குழுப்படம். விமானம் விழுந்தால் யார் பணம் கொடுப்பார்கள் என்ற தாள் மட்டும் வராது. கேட்டால், “எல்லாம் கவர் ஆகியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று வாயால் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பின்னால் எந்த கவுண்டரிலும் ஒன்றும் செய்ய முடியாது.

மலேசியாவில் 2024 பிப்ரவரி 13 அன்று சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறு விமானம் காப்பாரில் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் இறந்தனர். இப்படி ஒன்று நடந்ததும் குடும்பங்கள் புத்ராஜெயாவுக்கு ஓடுகின்றன. அங்கே இரண்டு இடம் உண்டு. விபத்தை விசாரிப்பது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு, அதாவது ஏஏஐபி. உரிமமும் பள்ளிக்கான அங்கீகாரமும் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், அதாவது சிஏஏஎம். இரண்டில் எதுவும் இழப்பீடு தராது. இதைத் தெரிந்துகொள்ளவே சிலருக்கு நான்கு பயணம் ஆகிறது.

பெர்கேசோ: மாணவருக்கு இல்லை, பயிற்றுநருக்கு உண்டு

பெர்கேசோ என்பது ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அதன் வேலை விபத்துத் திட்டம் ஊழியருக்கானது. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர் ஊழியர் அல்ல. பள்ளிச் சீருடை போட்டிருந்தாலும், பள்ளி விமானத்தையே ஓட்டியிருந்தாலும் அல்ல. ஜாலான் அம்பாங்கிலுள்ள அதன் தலைமையகம் வரை போய் இதற்காக வரிசையில் நிற்க வேண்டாம்.

பயிற்றுநர் கதை வேறு. பறந்த மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்து, “நீங்கள் ஃப்ரீலான்ஸ், சந்தா கிடையாது” என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நேர அட்டவணை யார் கையில், விமானம் யாருடையது, விடுப்பு யார் தருகிறார்? எல்லாம் பள்ளிதான் என்றால் அது வேலை ஒப்பந்தம். முதலாளி பதிவு செய்யாதது அவருடைய குற்றம், ஊழியரின் உரிமையை அது அழிக்காது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டியதும் முதலாளிதான். அவர் தெரிவிக்கவில்லை என்றால் காத்திருக்காமல் குடும்பமே போலீஸ் புகாரோடு போக வேண்டும். உண்மையிலேயே சொந்தமாகத் தொழில் செய்பவர் என்றால், 2017 சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவரே முன்கூட்டிப் பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். விபத்துக்குப் பின் கட்ட முடியாது.

ஒரு பொறியும் இதில் உண்டு. பெர்கேசோ பாதுகாப்புள்ள ஊழியரின் குடும்பம், வேலை விபத்துக்காக முதலாளி மேல் இழப்பீட்டு வழக்கு போட முடியாது. 1969 ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பராமரிப்பு நிறுவனம் போன்ற மற்றவர்கள் மேல் போடலாம். இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கும் வழக்கறிஞரிடம் கவனமாக இருங்கள்.

பலர் கோட்டைவிடும் உரிமை இன்னொன்று இருக்கிறது. வார நாளில் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பறப்பது என்று இருப்பவர் இறந்தால் அது வேலை விபத்துக் கணக்கில் வராது. ஆனால் பெர்கேசோவின் இயலாமைத் திட்டத்தில் தப்பிப்பிழைத்தோர் ஓய்வூதியம், அதாவது இறந்தவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் தொகை, இருக்கிறது. 60 வயதுக்குள் இறந்திருக்க வேண்டும், சந்தாத் தகுதி இருக்க வேண்டும். இறப்புக்கு என்ன காரணம் என்பது பொருட்டல்ல. கவுண்டரில் “இது வேலை விபத்து இல்லை” என்று திருப்பி அனுப்பினால், நீங்கள் கேட்பது எந்தத் திட்டம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மனைவி, பிள்ளை இல்லாதவர் என்றால் அவரைச் சார்ந்திருந்த பெற்றோர் கேட்கலாம். மாதாமாதம் அம்மா கணக்குக்குப் போன வங்கிப் பரிமாற்றம் அங்கே பேசும்.

காப்புறுதி: எழுத்தில் வாங்குங்கள்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில், டிக்கெட் வாங்கிய பயணியாக அல்லாமல் வேறு விதமாகப் பறப்பது விலக்கப்பட்டிருக்கும். பயிற்சி மாணவர் பயணி அல்ல. ஆயுள் காப்புறுதியில் விண்ணப்பத்தில் பறப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். ஏஜென்ட் “அதை எழுத வேண்டாம் அண்ணே, பிரீமியம் ஏறிடும்” என்றால் ஆளை மாற்றுங்கள்.

அடுத்தது பள்ளியின் விமானக் காப்புறுதி. “பயணிகளுக்கான பொறுப்பு” என்று ஒரு பெரிய தொகை அதில் இருக்கும். சுற்றிக்காட்டும்போது அதைத்தான் காட்டுவார்கள். கட்டுப்பாட்டைப் பிடித்து ஓட்டுபவர் அந்தப் பாலிசியில் பயணியா, பணிக்குழுவா? பல பாலிசிகளில் பணிக்குழு அந்தப் பிரிவுக்கு வெளியே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “காப்புறுதி இருக்கிறதா” அல்ல. “இரட்டைப் பயிற்சியிலும் (பயிற்றுநரோடு பறக்கும்போது) தனிப் பறப்பிலும் மாணவர் எந்தப் பிரிவில் வருகிறார், எவ்வளவு தொகைக்கு?” பதில் மின்னஞ்சலில் வர வேண்டும், பாலிசியின் அந்தப் பக்க நகலோடு.

நண்பரோடு ஜாலியாகப் பறக்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் கூலிக்குப் பறக்கக் கூடாது. “பெட்ரோலுக்கு” என்று நீங்கள் போனில் அனுப்பிய 300 ரிங்கிட், பின்னால் காப்புறுதி நிறுவனத்தின் கையில் வணிகப் பறப்புக்கான ஆதாரமாகிவிடலாம்.

விபத்துக்கான காரணமே கிளெய்மை மறுக்கும் காரணம்

விமானப் பாலிசிகளில் பறப்பு விதிகளையும் விமானத் தகுதி விதிகளையும் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். சிறு பிஸ்டன் விமானங்கள் விழுவதற்கான பழைய காரணங்கள் எல்லாம் அந்த நிபந்தனையில் போய் மோதுகின்றன.

எடையைப் பாருங்கள். செஸ்னா 152 புறப்படும்போது அதிகபட்சம் 757 கிலோ இருக்கலாம். காலி எடை சுமார் 525 கிலோ. டேங்க் நிறைய, பயன்படும் எரிபொருள் ஏறத்தாழ 93 லிட்டர், அதாவது 67 கிலோ. மீதி 165 கிலோ. ஆளுக்கு 85 கிலோ என்று மாணவரும் பயிற்றுநரும் ஏறினாலே 5 கிலோ கூடுதல், பை இல்லாமலே. 20 லிட்டர் குறைத்து நிரப்பினால் 14 கிலோ குறைந்து சரியாகிவிடும். ஒவ்வொரு பறப்புக்கும் இந்தக் கணக்குத் தாள் உண்மையான உடல் எடையோடு எழுதப்பட வேண்டும். எல்லாத் தாளிலும் ஒரே எடை அச்சடித்தது போல் இருந்தால் அது கணக்கு அல்ல, கோப்புக்குப் போட்ட காகிதம்.

கார்புரேட்டர் பனி இதைவிட மோசமான ரகம். கோலாலம்பூர் வெயிலில் பனியா என்று சிரிப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றும் எரிபொருளும் கலக்கும் இடம்தான் கார்புரேட்டர். அதன் குறுகிய தொண்டையில் காற்றின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கும். நம் ஊர் ஈரக் காற்றில், திராட்டிலைக் குறைத்து இறங்கும்போது உள்ளே பனி கட்டும். எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) மெல்ல விழும். கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்தால் பனி உருகி நீராக எஞ்சினுக்குள் போவதால், முதலில் இன்னும் திணறும். பயந்து மாணவர் அதைத் திரும்ப அடைத்துவிடுவார், எஞ்சின் நின்றுவிடும். முழுதாக இழுத்து, சீராகும் வரை விட்டுவைக்க வேண்டும். விழுந்த பின் ஆய்வாளர்கள் வருவதற்குள் பனி உருகிப் போயிருக்கும். எஞ்சுவது அந்தக் குமிழ் இருந்த நிலையும் அன்றைய வானிலைப் பதிவும் மட்டும். “எஞ்சினில் பழுதில்லை” என்ற வரியைப் படித்ததும் “அப்போ பையன் தப்புதான்” என்று யாராவது முடிவு கட்டினால், கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓடுதளத்துக்குத் திரும்பும் கடைசித் திருப்பமும் இப்படித்தான். நேராகப் பறக்கையில் 48 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் மிதப்பை இழக்கும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 57இலேயே இழக்கும், 60 டிகிரியில் 68இல். இறங்கும் வேகமே 60, 65தான். இதற்கு “விமானி தவறு” என்று பெயர் வைப்பார்கள். இரட்டைப் பயிற்சியில் பொறுப்பு விமானி பயிற்றுநர்தான், மாணவர் அல்ல. தனிப் பறப்பு என்றால், அதற்குத் தயார் என்று கையெழுத்திட்டவர் யார், அதற்கு முன் அந்தத் திருப்பத்தை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தார் என்பது பயிற்சிக் கோப்பில் இருக்க வேண்டும். விபத்துக்குப் பின் ஆவணங்கள் விசாரணைக்குப் போய்விடும், நகல் கேட்டு அலைய வேண்டியதுதான். ஆகவே மாணவர் ஒவ்வொரு வாரமும் லாக்புக், பயிற்சிக் குறிப்பு, எடைத் தாள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடட்டும்.

வழக்கு: காலமும் சம்பளமும்

ஏஏஐபி முதற்கட்ட அறிக்கையை 30 நாளில் வெளியிடுவது வழக்கம். இறுதி அறிக்கைக்கு 12 மாதம் இலக்கு, இழுக்கவும் செய்யும். அந்த அறிக்கை யார்மேல் குற்றம் என்று சொல்லாது. அதற்காக எழுதப்படுவது அல்ல. அது வரட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். 1956 சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவில் சார்ந்தோர் வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான்.

பெரிய அடி இதே பிரிவில்தான். இறந்தவர் இறப்பதற்கு முன் சொந்த உழைப்பில் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று நிரூபித்தால்தான் வருமான இழப்பைக் கணக்கில் எடுப்பார்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்கவைத்த பிள்ளை, விமானியானதும் என்ன சம்பாதித்திருப்பான் என்பது அங்கே செல்லாது. பகுதிநேர வேலை ஏதாவது செய்திருந்தால் அதன் சம்பளச் சீட்டு, வங்கி வரவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சம்பாதித்தவர் என்றால் ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண், அதாவது பெருக்கெண், 30 வயது வரை 16. அதற்கு மேல் 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதி. 40 வயதுக்காரருக்கு 10. குடும்பத்துக்கு மாதம் 2,000 ரிங்கிட் கொடுத்தவர் என்றால் 2,000 × 12 × 10, அதாவது 240,000. துயர ஈட்டுத்தொகை 2019 செப்டம்பரிலிருந்து 30,000 ரிங்கிட், ஆனால் அதைக் கேட்கக்கூடியவர்களின் பட்டியல் குறுகியது.

காப்புறுதி நிறுவனம் மறுத்தால் இறுதி மறுப்புக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியிலிருந்து செயல்படும் நிதி நிறுவனங்கள் மேலான புகார்களைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் கொடுக்கலாம், தொகை 250,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால். “மேலிடத்தில் பார்க்கிறோம்” என்று போனில் சொல்வது மறுப்பு ஆகாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே உங்கள் மூன்று ஆண்டைத் தின்பார்கள்.

அடுத்த தவணை கட்டும் முன் பள்ளிக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். பாலிசிப் பக்கம் வந்த பிறகு பணம் போகட்டும்.