மூல நிரலின் பேக்கப்பை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கொழும்பில் பத்துப் பேருக்கும் குறைவானோருடன் இயங்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கும்போது, மூல நிரலின், அதாவது மென்பொருளை உருவாக்க எழுதப்படும் நிரலின், பேக்கப் பற்றிய என் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "கிட்ஹப்பில் இருக்கிறது, அலுவலக ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது" என்பதாகும். (கிட்ஹப் என்பது நிரல்களை இணையத்தில் சேமித்துப் பகிரும் சேவை.) 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, எல்லாப் பிரதிகளையும் ஒரே கட்டடத்தில் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால், கடல் கடந்த சர்வரில் உள்ள பிரதியையும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தும் அதே கணக்கால் அழிக்க முடியுமென்றால் அது பேக்கப் ஆகாது என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள்.

நிரல்களைச் சேமித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கணக்கினுள் 2014 ஜூனில் நுழைந்த ஒருவர், பணம் கேட்டு மிரட்டி, நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது தரவுகளையும் பேக்கப்புகளில் பெரும்பகுதியையும் அழித்துவிட்டார். அத்துடன் அந்நிறுவனம் மூடப்பட்டது. இங்கும் 2023இல் இலங்கை அரச கிளவுட், தரவுகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பேக்கப் இல்லாமல் போயிற்று.

ஆகவே பேக்கப்புக்கெனத் தனிக் கணக்கு, தனி மின்னஞ்சல், இரட்டை அங்கீகாரம் (கடவுச்சொல்லுடன் இன்னொரு சரிபார்ப்பு) ஆகியவை வேண்டும்; அன்றாடம் நிரல் எழுதுபவர்களிடம் அதன் அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. குறித்த காலம்வரை எவராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியைக் கிளவுட் நிறுவனங்கள் தருகின்றன, அதைப் பயன்படுத்துங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவரும் கிட் கருவியில், மூலத்தைத் தொடர்ந்து பின்பற்றும் பிரதியான கிட் மிரர் மட்டும் போதாது, ஏனெனில் மூலத்தில் ஒருவர் வரலாற்றை மாற்றி எழுதினால், அடுத்த புதுப்பிப்பில் மிரரும் அவ்வாறே மாறிவிடும். நாள்வாரியாகத் தனித்தனி கிட் பண்டில் கோப்புகளை (நிரலையும் அதன் வரலாற்றையும் ஒரே கோப்பில் அடக்குபவை) மறையாக்கம் செய்து, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி, வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மறையாக்கச் சாவி அவற்றுடன் இருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு செயலியை வெளியிட்டவர் யாரென உறுதிப்படுத்தும் கையொப்பச் சாவியும் பேக்கப்பில் வேண்டும்; அது பெரும்பாலும் ஒருவரின் மடிக்கணினியில் மட்டுமே கிடக்கிறது. கூகுளிடம் ஒப்படைக்காத அச்சாவி தொலைந்தால், அதே செயலிக்குப் புதிய பதிப்பு வெளியிட முடியாது.

2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற நிரல் சேமிப்புச் சேவையான கிட்லேப் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோதுதான், அதன் அன்றாட பேக்கப் தோல்வியடைந்து வந்ததும், அதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் எவரையும் எட்டாததும் தெரியவந்தன. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் எதுவும் நிறுவப்படாத கணினியொன்றைக் கொடுத்து, பேக்கப்பிலிருந்து மட்டும் மென்பொருளை உருவாக்கி இயக்கச் சொல்லுங்கள். அவர் யாரிடமாவது கேட்டுப் பெற வேண்டியிருந்த கோப்புகளும் கடவுச்சொற்களும் இன்னும் பேக்கப்புக்குள் வரவில்லை.