அளவு ஜாக்கெட்டை விட்டால் போட வேறு இல்லையா?

தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். டேப் வைத்தும் அளவு எடுப்பேன். ஆனாலும் போட்டுப் பழகிய ஜாக்கெட் ஒன்று கையில் இருந்தால்தான் துணியில் கத்தரி வைக்கத் தைரியம் வரும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் பட்டு ஜாக்கெட்டையோ, போன தீபாவளிக்குத் தைத்த டிசைன் ஜாக்கெட்டையோ அளவுக்குக் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பைக்குள்ளிருந்து வருவது சாயம் போன, அக்குளில் வெளுத்த, டூ பை டூ என்கிற சாதா ஜாக்கெட் துணியில் தைத்த பழைய ஜாக்கெட்டாகத்தான் இருக்கும். "பாக்க நல்லா இருக்காதுக்கா, ஆனா இதுதான் கரெக்டா இருக்கும்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு நீட்டுவார்கள்.

கொடுத்த கையோடு இன்னொரு கேள்வியும் வரும். "எப்பக்கா திருப்பித் தருவீங்க? இது இல்லாம காலையில ரொம்பக் கஷ்டம்."

எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பாக இருக்கும். பீரோ கதவைத் திறந்தால் துணி தலையில் விழுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். இப்போது சிரிப்பதில்லை. காலை 7.45-க்கு என் கடைக் கதவைத் தட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர் கையில் ஹூக் போன ஜாக்கெட். இன்னொருவர் கையில் ஓரம் அடிக்காத புதுப் புடவை, இன்றைக்கே கட்டியாக வேண்டுமாம். வெளியே வண்டியை ஆஃப் பண்ணாமல் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். காலை நேரத்தைத் தின்பது "எதைக் கட்டலாம்" என்ற யோசனை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது ஐந்து நிமிடம்தான் தின்னும். எடுத்த துணி போட முடியாத நிலையில் இருப்பதுதான் மீதி நேரத்தைத் தின்கிறது. எடுப்பது, போட்டுப் பார்ப்பது, கழற்றுவது, இன்னொன்றைத் தேடுவது என்று அரை மணி ஓடிவிடும்.

என்னிடம் வருகிற டீச்சர் ஒருவரின் கதையைச் சொன்னால் விளங்கும். பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. 7.20 பஸ்ஸை விட்டால் அன்றைக்குப் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் போய்விடுகிறது என்று அலுத்துக்கொண்டார். "சனிக்கிழமை மத்தியானம் உங்க பீரோவுல இருக்கற ஜாக்கெட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றேன். வந்தார். 23 ஜாக்கெட் இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வேர்த்து வழிந்துவிட்டது அவருக்கு.

அப்படியே போட்டுக்கொண்டு பஸ் ஏறக்கூடியது 4. இறுக்கமாகிப் போனது 8. ஹூக் விட்டுப்போனது 3. பின்பக்கம் ஹூக் வைத்தது 4. துவைத்ததும் உள்ளே லைனிங் சுருங்கி முறுக்கிக்கொண்டது 2. பாக்கி இரண்டுக்குப் புடவையே இல்லை. புடவையை யாருக்கோ கொடுத்துவிட்டு ஜாக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்!

சுருங்கிய அந்த இரண்டும் நான் தைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? காட்டன் லைனிங்கை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். முகூர்த்த மாதத்து அவசரத்தில் அப்படியே வெட்டிவிட்டேன். மேல் துணி சுருங்கவில்லை, லைனிங் சுருங்கிவிட்டது. பிரித்து வேறு லைனிங் வைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. உங்கள் டெய்லரிடம் "லைனிங் நனைச்சீங்களா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும்தான், ஆனால் நனைப்போம்.

இறுக்கமான எட்டுக்கு வருவோம். உடம்பு ஏறிவிட்டது, இனி இது உதவாது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே வரும் பக்கத் தையலைப் பாருங்கள். பொதுவாக மூன்று வரித் தையல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கால் அங்குலம். உடம்பை ஒட்டி இருக்கிற வரியைப் பிரித்தால் அடுத்த வரி பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரு வரி பிரித்தால் மொத்தத்தில் ஒரு அங்குலம் விடும், ஏனென்றால் முன்துணியிலும் பின்துணியிலும் கால் கால் அங்குலம் சேருகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இந்தத் தையல் இடுப்பில் ஆரம்பித்து அக்குளைத் தாண்டிக் கை முனை வரை ஒரே ஓட்டமாகப் போகும். பலர் உடம்புப் பக்கத்தை மட்டும் பிரித்துவிட்டுக் கையை விட்டுவிடுவார்கள். அப்புறம் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது என்று என்னிடம் வருவார்கள். முனை வரை பிரித்துவிடுங்கள். பழைய பிளேடு போதும், பத்து நிமிட வேலை. டீச்சரின் எட்டில் ஐந்து இப்படியே சரியாகிவிட்டது. மற்ற மூன்றில் உள்ளே பிரித்து விடத் துணியே இல்லை. ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருந்தார்கள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

ஹூக் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக் காற்றுக்கு மலிவான இரும்பு ஹூக் சீக்கிரமே துருப் பிடித்துத் துணியில் கறை இறக்கும். துருப் பிடிக்காத ஹூக் கேட்டு வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே இடத்து ஹூக் திரும்பத் திரும்ப விட்டுப்போகிறது என்றால் அது ஹூக்கின் குற்றம் இல்லை. மார்புக்கு நேராக வருகிற ஹூக்தான் முதலில் போகும், இழுப்பு முழுவதும் அங்கேதான். பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் ஹூக்கும் நிற்கும்.

பின்பக்க ஹூக், முதுகில் கயிறு, கயிற்று முனையில் குஞ்சம்... இதெல்லாம் தைக்க எனக்கும் பிடிக்கும், கூலியும் கூடுதல். ஆனால் காலையில் அதைப் போட இன்னொரு ஆள் வேண்டும். மகள் வீட்டில் இருந்தவரை டீச்சருக்குப் பிரச்சினை இல்லை. அவள் சிதம்பரத்துக்குக் காலேஜ் போய் ஹாஸ்டலில் தங்கிய பிறகு அந்த நாலு ஜாக்கெட்டும் அப்படியே மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. வேலைக்குப் போட முன்ஹூக்தான் சரி. முதுகில் டிசைன் வேண்டுமென்றால் அது கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும்.

இப்போது யூடியூபில் "கேப்ஸ்யூல் வார்ட்ரோப்" என்று நிறைய வருகிறது, அதாவது கொஞ்சம் உடுப்பையே மாற்றி மாற்றிச் சேர்த்துப் போடுவது. வாடிக்கையாளர் ஒருவரின் மகள் காட்டினாள். லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ என்ற பெண்மணி 1970-களில் பரப்பிய யோசனையாம். 1985-ல் நியூயார்க் டிசைனர் டோனா காரன் ஏழே உடுப்பை ஒன்றோடொன்று மாற்றிப் போடும்படி ஒரு வரிசையே கொண்டுவந்தார். நல்ல யோசனைதான். எதை எடுத்தாலும் எதோடும் சேர வேண்டும் என்கிறார்கள், அது தையல்காரிக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அவர்களுக்குக் கடலூரின் ஐப்பசி, கார்த்திகை தெரியாது. மழை பிடித்துக்கொண்டால் காட்டன் ஜாக்கெட் கொடியில் மூன்று நாள் தொங்கும், அப்படியும் அக்குளில் ஈரம் இருக்கும். ஈர வாடையோடு எப்படி வேலைக்குப் போவது? ஏழு உடுப்பு இங்கே ஒரு வாரம் தாங்காது. அதனால் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. 20 ஜாக்கெட் இருக்கட்டும், 20-ம் போடுகிற நிலையில் இருக்கட்டும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது ஆற்றோரத்து வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்துபோனது. சேறு படிந்த துணி மூட்டையோடு சிலர் என்னிடம் வந்தார்கள், எதைத் தேற்றலாம் என்று கேட்க. ஒரு அம்மா மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "இதெல்லாம் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு பாப்பா" என்றார். தினம் கட்டுகிற புடவைகள் மேல்கொடியில் இருந்ததால் தப்பித்துவிட்டன.

மேட்சிங் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முடியாது. ஒரு புடவைக்கு ஒரே ஜாக்கெட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஜாக்கெட் துவைக்கப் போன அன்றைக்குப் புடவையும் சேர்ந்து லீவு. அதற்குப் பதில் கறுப்பு, அரக்கு, இலைப்பச்சை, கடுகு மஞ்சள், சந்தனம் என்று ஐந்து நிறத்தில் டூ பை டூ எடுத்துத் தைத்துக்கொண்டால், வேலைக்குக் கட்டுகிற காட்டன், சில்க் காட்டன் புடவைகளில் முக்கால்வாசிக்குச் சேரும். பார்டர் நிறத்தைப் பார்த்தால் போதும், புடவையின் உடல் நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேட்சிங் சென்டரில் 80 செ.மீ. கேளுங்கள். கை நீளமாக வேண்டுமென்றால் ஒரு மீட்டர். உள்பாவாடை மூன்று நிறம் தாராளம். நாடா உள்ளே ஓடிப்போய் ஹேர்பின்னால் குடைகிற கொடுமை இருக்கிறதே, அதற்கு ஒரே ஒரு தையல்தான் மருந்து. முதுகுப் பக்கம் நடுவில் நாடாவையும் பட்டியையும் சேர்த்துப் பிடித்து ஒரு அங்குலத்துக்குத் தைத்துவிடுங்கள். அப்புறம் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓடாது.

மடிப்பு வைத்துத் தைத்த ரெடி சாரி வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். மூட்டு வலியோ தோள் வலியோ உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே வரம். மற்றவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். கொசுவம் ஐந்தாறு மடிப்பாகத் தைத்திருப்பதால் மழைக்காலத்தில் காயவே காயாது. அப்புறம், இடுப்பு அளவு மாறினால் திரும்ப என்னிடம்தான் வர வேண்டும். ஐந்தரை மீட்டர் துணியை அம்மாவும் கட்டலாம், மகளும் கட்டலாம். தைத்துவிட்டால் அது ஒருத்திக்குத்தான். வேண்டுமானால் முந்தானை மடிப்பை மட்டும் ராத்திரியே எடுத்து, தோளில் வருகிற இடத்தில் ஒரு பின் குத்தி ஹேங்கரில் போட்டுவிடுங்கள். காலையில் பாதி வேலை மிச்சம்.

ஆண்கள் விஷயம் சுருக்கம். சட்டையில் ஒரு பட்டன், பேண்டில் இடுப்பு, இரண்டும் சரியாக இருந்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம் இருப்பதால் சிரமம் இல்லை. கீழ் மடிப்பை மட்டும் ஜூன் மாதம் பிறக்கும் முன்பே பிரித்து விட்டுவிடுங்கள், பள்ளி திறந்த வாரத்தில் என்னைப் பிடிக்க முடியாது.

டீச்சர் வீட்டுக்கு நான் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. பீரோ கைப்பிடியில் ஒரு மஞ்சப்பையை மாட்டிவைக்கச் சொன்னேன். ஹூக் போனது, தையல் விட்டது, ஓரம் அடிக்காதது எதுவாக இருந்தாலும் துவைத்து மடிக்கும்போதே அந்தப் பைக்குள் போய்விட வேண்டும், திரும்பப் பீரோவுக்குள் போகக் கூடாது. மடிக்கிற கைக்குத்தான் துணியின் குறை தெரியும். மறுநாள் காலையில் அவசரமாக உருவுகிற கைக்குத் தெரியாது. பை நிறைந்தால் சனிக்கிழமை என்னிடம் வரலாம், ஊசி நூல் பிடிக்கத் தெரிந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். புடவை இல்லாத இரண்டு ஜாக்கெட்டையும் அன்றே கடையில் விட்டுப் போனார். அதிலிருந்து ஹூக்கைக் கழற்றிக்கொண்டேன். துணியை மிஷின் துடைக்க வைத்திருக்கிறேன்.

டீச்சரின் அளவு ஜாக்கெட் இருக்கிறதே, வெளுத்துப்போன அரக்கு நிறத்து டூ பை டூ, அதைப் பார்த்து அதே கழுத்து, அதே கை, முன்ஹூக் வைத்து ஐந்து தைத்துக் கொடுத்தேன். போன மாதம் பொங்கலுக்கு எடுத்த புடவையின் ஜாக்கெட் துணியோடு வந்தார். அளவு ஜாக்கெட் கேட்டேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். "இது வேணாம்னா வேற தரேன்க்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். எப்போது திருப்பித் தருவேன் என்று கேட்கவில்லை. 5.40 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.