விவாகரத்து வழக்கில் கோட்டை விடும் இடங்கள்

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20 ரூபாய் பத்திரத்தில் ‘இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை’ என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தி வாங்கிய காகிதம் விவாகரத்து ஆகாது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் இப்படி ‘தீர்த்துவிட்ட’ பத்திரங்களோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சில சமூகங்களின் வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2)-ம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது லேசான காரியமில்லை. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 82-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை என்ற ஆபத்தும் சேர்ந்து வரும்.

சரி, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் எந்தக் கோர்ட்? குடும்ப நீதிமன்றம் இருக்கிற ஊரில் அங்கே. இல்லாத இடங்களில் இந்து திருமண மனு சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். ‘சப் கோர்ட்டில் ஹெச்.எம்.ஓ.பி. போட்டிருக்கிறார்கள்’ என்று சொல்வது இதைத்தான். ஊரைத் தீர்மானிப்பது இந்து திருமணச் சட்டத்தின் 19-ம் பிரிவு. கல்யாணம் மதுரையில், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது சென்னையில், மனைவி இப்போது திருநெல்வேலியில் தாய் வீட்டில் என்று வைத்துக்கொள்வோம். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி திருநெல்வேலியிலேயே மனு போடலாம். மனு போடுகிறவர் கணவர் என்றால், தான் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதற்காக அங்கே போட முடியாது. அவர் மதுரை, சென்னை, திருநெல்வேலி என்ற மூன்று ஊர்களில் ஒன்றில்தான் போட வேண்டும். கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் விவாகரத்து மனு எடுக்க மாட்டார்கள். அசாதாரணமான துன்பம் இருந்தால் 14-ம் பிரிவில் தனியே அனுமதி கேட்க வேண்டும்.

மனுவோடு கல்யாணப் பத்திரிகை, திருமணப் படம், பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல், இருவரின் முகவரிச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று வேண்டும். 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு செய்யாததால் கல்யாணமே இல்லையென்று ஆகிவிடாது. அதை நிரூபிக்கும் வேலைதான் கூடும். குறை இருந்தால் கோர்ட் அலுவலகம் மனுவை ‘ரிட்டர்ன்’ போடும். நம்பர் ஆவதற்கு, அதாவது வழக்கு எண் விழுவதற்கு முன் இப்படி ஓரிரு முறை திரும்புவது சகஜம், பதற வேண்டாம். நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் அடையாள எண்) வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நோட்டீஸ். வழக்குகள் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்பது பெரும்பாலும் இங்கேதான், காரணமும் அற்பமாக இருக்கும். பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணம், கட்டியிருக்க மாட்டார்கள். அல்லது கட்டியும் கதவு எண் இல்லாத முகவரி கொடுத்திருப்பார்கள். தபால்காரர் ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதித் திருப்பினால் சார்வு ஆனதாகவே, அதாவது நோட்டீஸ் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ‘அந்த முகவரியில் இல்லை’ என்று எழுதினால் மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ், கடைசியில் பத்திரிகை விளம்பரம்.

எதிர்த் தரப்பு இடம் மாறியது தெரிந்தும் பழைய முகவரியையே கொடுத்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எதிர்த் தரப்பு வராமலே ஒருதலையாகச் சொல்லும் தீர்ப்பு, வாங்குகிறவர்கள் உண்டு. அப்படி வாங்கிய தீர்ப்பு மணலில் கட்டிய வீடு. சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பு பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய எதிர்த் தரப்பு கேட்கலாம். இதற்குள் தீர்ப்பு வாங்கியவர் மறுமணம் செய்து, குழந்தையும் பிறந்திருந்தால் சிக்கல் யார் தலையில் விடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்மன் வாங்குகிறவர் செய்யும் தவறு வேறு மாதிரி. ‘நான் போகாவிட்டால் அவருக்கு விவாகரத்து கிடைக்காது’ என்ற நம்பிக்கை எங்கிருந்து பரவியதோ தெரியவில்லை. போகாவிட்டால் பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு எக்ஸ்பார்ட்டி ஆக்குவார்கள். மனுதாரர் சாட்சியம் ஒருபக்கமாகப் பதிவாகித் தீர்ப்பு வந்துவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்பது காரணம் ஆகாது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். தூரம் பிரச்சினையென்றால் வழக்கை உங்கள் ஊருக்கு மாற்ற உயர்நீதிமன்றத்தில் மனு போடலாம். அதில் தடை உத்தரவு வரும்வரை இங்கே வாய்தாவைத் தவறவிடக் கூடாது.

இரு தரப்பும் வந்ததும் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். அங்கே பேசுவது ரகசியம், சாட்சியமாகாது. ஆகவே மனம் விட்டுப் பேசலாம்.

இடைக்கால ஜீவனாம்சத்தில் 2020-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்டிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்றது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றும் சொன்னது. ‘வேலையை விட்டுவிட்டேன்’ என்று எழுதிவிட்டு, வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மனைவியும் தன் சம்பளத்தை மறைக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வைத்து 125-ம் பிரிவு என்று பேச்சில் இன்னும் புழங்கும் ஜீவனாம்ச வழக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவு. இதில் உத்தரவு வாங்கிவிட்டு, பாக்கியை ‘சேர்ந்து வரட்டும், மொத்தமாகக் கேட்போம்’ என்று விட்டுவிடாதீர்கள். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது.

பரஸ்பர சம்மத விவாகரத்துதான் சீக்கிரம் முடியும், ஆனால் அவசரத்தில் எழுதினால் பிறகு அதிகம் இழுப்பதும் அதுதான். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவுப்படி ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்கு அடியில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அதுவும் பிரிவுதான். மனு போட்டு 6 மாதம் கழித்து இரண்டாவது முறை வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். 2017-ல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு இந்த 6 மாதத்தைத் தளர்த்தக் கேட்கலாம். ஆனால் ஜீவனாம்சம், குழந்தை என எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சியும் தோற்றிருக்க வேண்டும். தானாகக் கிடைக்காது. தீர்ப்புக்கு முந்தைய நிமிடம் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் பேசிய தொகையில் பாதியை முதல் மனுவின்போதும் மீதியை டி.டி.யாக இரண்டாவது முறை வரும்போது நீதிபதி முன்னிலையிலும் கொடுப்பது நல்லது.

ஒப்பந்த வாசகத்தைப் பாருங்கள். ‘தந்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுமதிக்கப்படுவார்’ என்ற வரி எதற்கும் உதவாது. ‘ஒவ்வொரு மாதமும் 2-வது, 4-வது ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை, தாய் வீட்டிலிருந்து அழைத்துப் போய் அங்கேயே திரும்ப விட வேண்டும், கோடை விடுமுறையில் முதல் 15 நாள் தந்தையிடம், பாஸ்போர்ட் மனுவில் இருவரும் கையெழுத்திட வேண்டும்’ என்று எழுதியிருந்தால்தான் நாளைக்கு அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் பேச முடியும். நகைக்கும் அப்படித்தான்: ‘நகைகள் ஒப்படைக்கப்பட்டன’ என்று எழுதாமல், எது எத்தனை பவுன் என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். குழந்தையின் பராமரிப்பைத் தாய் ‘விட்டுக்கொடுத்துவிட்டேன்’ என்று எழுதினால், அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது.

சம்மதம் இல்லாத வழக்கில் விசாரணைதான் நீளும். ‘எதிர்மனுதாரர் மனுதாரரை உடலாலும் மனதாலும் கொடுமைப்படுத்தினார்’ என்று ஒரே வரியில் எழுதிய மனு, குறுக்கு விசாரணையில் ‘என்றைக்கு? எங்கே? யார் பார்த்தார்கள்?’ என்ற மூன்று கேள்விக்குத் தாங்காது. மனுவில் இல்லாத சம்பவத்தைச் சாட்சிக் கூண்டில் புதிதாகச் சொன்னால் எடுபடாது. தேதியும் இடமும் முதல் மனுவிலேயே வர வேண்டும். வாட்ஸ்அப் செய்தி தாக்கல் செய்தால் புதிய சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4)-ம் பிரிவுச் சான்றும் சேர்க்க வேண்டும். பழைய ஃபோனை விற்றுவிடாதீர்கள். தம்பதியரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘மணவாழ்க்கை மீள முடியாதபடி உடைந்துவிட்டது’ என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி இந்து திருமணச் சட்டத்தில் மனு போட முடியாது. அந்த அதிகாரம் அரசியலமைப்பின் 142-வது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். தீர்ப்பு நகல், தீர்ப்பாணை (டிக்ரி) நகல் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகமும் வங்கியும் தீர்ப்பாணையைக் கேட்கும்போது கையில் தீர்ப்பு மட்டும் இருக்கிறதென்றால் திரும்பவும் கோர்ட் படி ஏற வேண்டும். பெயர்களின் எழுத்தும் கல்யாணத் தேதியும் சரியா என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். மறுமணத்துக்கு மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எதிர்த்து நடந்த வழக்கென்றால் 90 நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, மேல்முறையீடு ஏதும் தாக்கலாகவில்லை என்று பார்த்துவிட்டு முகூர்த்தம் குறியுங்கள்.