ஜூன்டீன்த்: ஒரு தேதி திருநாளின் பெயரான கதை

ஜூன்டீன்த் – பெயர்ச்சொல். ஜூன் 19ஆம் நாள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் நாள். 2021 முதல் அந்நாட்டில் தேசிய விடுமுறை.

சொல்லின் பிறப்பில் மர்மம் எதுவும் இல்லை. 'ஜூன் நைன்டீன்த்' என்பதை நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நடுவில் இருக்கும் 'நைன்' தானே விழுங்கப்பட்டுவிடும். நம் இலக்கணத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு: மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், புதுச்சேரி புதுவை ஆனதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை எல்லா எண்களும் 'டீன்' என்றே முடிவதால், 'ஜூன்டீன்த்' என்பதை மட்டும் கேட்கிற புதியவருக்கு அது எந்தத் தேதி என்று தெரியாது. டெக்சாஸ் கறுப்பின மக்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. இது அவர்கள் வாயில் தேய்ந்து உருவான சொல். எந்த அலுவலகமும் குழு போட்டு உருவாக்கியதல்ல.

சரி, அந்த நாளில் என்ன நடந்தது? 1865 ஜூன் 19 அன்று, டெக்சாஸின் துறைமுக நகரமான கால்வெஸ்டனில், உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களை வென்ற வடக்கின் ஐக்கியப் படையைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் பொது ஆணை எண் 3 என்ற உத்தரவை வெளியிட்டார். 'அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள்' என்பது அதன் சாரம். ஆனால் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அடிமைகளை விடுவிப்பதாக அதிபர் லிங்கன் அறிவித்த விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று. இடையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு போய்விட்டது. அப்போது டெக்சாஸில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் சுமார் 2,50,000 பேர்.

இந்த இடைவெளியைத்தான் பலரும் தவறாக எழுதுகிறார்கள். 'செய்தி போய்ச் சேர இரண்டரை வருடம் ஆனது' என்று தமிழிலும் அடிக்கடி படிக்கிறோம். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் தடையாக நின்றது தபால் தாமதம் அல்ல. பண்ணை முதலாளிகளுக்குப் பிரகடனம் பற்றி நன்றாகவே தெரியும். போர்முனைக்கு அருகே இருந்த பலர், தங்கள் 'சொத்து' பறிபோகக் கூடாது என்று அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டே வந்தார்கள். அடிமைப்பட்டிருந்தவர்களில் பலருக்கும் காதோடு காதாகச் செய்தி எட்டியிருந்தது. இல்லாமல் இருந்தது அதை நிறைவேற்றும் படை. கிரேஞ்சர் தன்னோடு கொண்டுவந்தது அதைத்தான்.

அந்த ஆணையின் முதல் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பின்பகுதியை அவ்வளவாகக் காட்டுவதில்லை. முன்னாள் எசமானருக்கும் முன்னாள் அடிமைக்கும் இடையே இனி இருப்பது முதலாளி–கூலியாள் உறவு, விடுதலையானவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது. விடுதலையைக் கொடுத்த அதே தாளிலேயே புத்திமதியும் வந்துவிட்டது.

இன்னொரு நுணுக்கம். ஜூன் 19ஐ 'அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த நாள்' என்று எழுதினால் தப்பு. லிங்கனின் பிரகடனம் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது. பிரியாமல் இருந்த டெலவேர், கென்டக்கி போன்ற மாநிலங்களில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது, அதை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறிய பிறகுதான்.

ஜூன்டீன்த்துக்கு வேறு பெயர்களும் உண்டு: விடுதலை நாள், யூபிலி நாள். யூபிலி என்பது தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்குப் பழகிய சொல்; லேவியராகமத்தில் ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி அடிமைகளை ஊருக்கு அனுப்பும் 'யூபிலி வருஷம்' வருகிறது. தேவாலயமே வாழ்வின் மையமாக இருந்த மக்கள் தங்கள் விடுதலையை அந்தப் பெயரால் அழைத்ததில் வியப்பில்லை. நம் ஊரில் வெள்ளி விழாவுக்கும் பொன் விழாவுக்கும் மட்டுமே ஜூபிலி என்று பழகிவிட்டதால், அந்தப் பொருள் நமக்குச் சட்டென்று தோன்றாது.

1866லேயே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. தேவாலயத்தில் கூடுவது, பிரகடனத்தை உரக்க வாசிப்பது, முன்பு அடிமையாக இருந்த முதியவர்களைப் பேசச் சொல்லிக் கேட்பது, நல்ல உடை உடுத்தி ஊர்வலம் போவது, அப்புறம் இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது. அடிமைக் காலத்தில் எதை உடுத்தலாம் என்பதைக்கூட மற்றவர்களே தீர்மானித்த மக்களுக்கு அந்த நல்ல உடை சும்மா அலங்காரம் அல்ல. கூடுவதற்கு இடம்தான் சிக்கல். பொது இடங்களில் அவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே 1872இல் ஹூஸ்டனில், போதகர் ஜாக் யேட்ஸும் தோழர்களும் மக்களிடம் பணம் திரட்டி, இந்தக் கொண்டாட்டத்துக்கென்றே பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. ஒரு சமூகம் தன் வரலாற்றை எப்படிக் கொண்டாடலாம் என்று யாராவது கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன்: நின்று பேச ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள்.

சாப்பாட்டில் சிவப்பு முக்கியம். தர்பூசணி, சிவப்பு சோடா, சிவப்பு நிறக் கேக். சிந்திய இரத்தத்தின் நினைவு என்று சிலர் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செம்பருத்தி இனச் செடி ஒன்றின் சிவந்த புல்லிகளைக் காயவைத்துக் கொதிக்கவைக்கும் பானத்தின் தொடர்ச்சி என்று உணவு வரலாறு எழுதுவோர் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்துவிட்டுப் போகட்டும்.

டெக்சாஸை விட்டு வேலை தேடி வடக்கேயும் மேற்கேயும் போனவர்கள் கூடவே இந்த நாளையும் எடுத்துப் போனார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஆல் எட்வர்ட்ஸின் முயற்சியால் 1979இல் டெக்சாஸில் சட்டம் வந்து, 1980 முதல் அங்கே மாநில விடுமுறை ஆனது. நாடு முழுவதுக்குமான சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டது 2021 ஜூன் 17. அப்போது அருகில் நின்ற மூதாட்டி ஓப்பல் லீ. 1939 ஜூன் 19 அன்று, ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் குடும்பம் புதிதாகக் குடியேறிய வீட்டை ஒரு வெள்ளையர் கும்பல் சூறையாடித் தீ வைத்தது. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. 89 வயதில், 2016இல், இந்த நாளுக்குத் தேசிய விடுமுறை கேட்டு வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். பிந்திய ஆண்டுகளின் நடைகளில் அவர் நடந்த தூரம் இரண்டரை மைல், அந்த இரண்டரை ஆண்டுக்காக.

விடுமுறை ஆனதும் வியாபாரமும் வந்துவிட்டது. 2022இல் ஒரு பெரிய கடைச் சங்கிலி ஜூன்டீன்த் பெயரில் ஐஸ்கிரீம் விற்று, திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டது.

இனி தமிழ்ச் சொல். சட்டத்தில் உள்ள அதிகாரப் பெயரை அப்படியே மாற்றினால் 'ஜூன்டீன்த் தேசிய சுதந்திர தினம்' என்று வரும். தமிழில் சுதந்திர தினம் என்றால் ஒரு நாடு அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாள் என்றே மனதில் பதிந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு அது ஜூலை 4. 'அடிமை ஒழிப்பு தினம்' ஏன் சரியில்லை என்று மேலே பார்த்தோம். 'விடுதலை' பொருந்துகிறது. 'விடு' என்ற வேரிலிருந்து வரும் அந்தச் சொல், சிறையிலிருந்து ஒருவர் வெளியே வருவதற்கும் ஆகும், ஒரு மக்கள் கூட்டம் தளை நீங்குவதற்கும் ஆகும். ஆனால் தனியாக 'விடுதலை நாள்' என்றால் எந்த நாட்டுடையது என்று கேள்வி வரும்.

என் தேர்வு 'ஜூன் பத்தொன்பது'. தேதியையே பண்டிகையின் பெயராக வைப்பது நமக்குப் புதிதா என்ன? ஆடி மாதம் பதினெட்டாம் நாள் காவிரிக் கரையில் கொண்டாடுவதை 'ஆடிப் பதினெட்டு' என்றுதான் சொல்கிறோம், விளக்கம் யாரும் கேட்பதில்லை. கட்டுரையில் முதல் முறை வரும்போது 'ஜூன் பத்தொன்பது விடுதலை நாள்' என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் சுருக்கிக்கொள்ளலாம். தனித்தமிழ் விரும்புவோர் 'சூன் பத்தொன்பது' என்று எழுதட்டும். செய்தித் தலைப்பில் இடம் போதாவிட்டால் 'ஜூன்டீன்த்' என்றே இருக்கலாம், அதில் குற்றமில்லை. 'ஜூன்டீன்த் தினம்' என்பதை மட்டும் தவிர்க்கலாம், நாள் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.