விரல் நுனியில் 97, நெஞ்சுக்குள் மாரடைப்பு

கோடு போட்ட தாள் ஒன்றை அந்த மகள் என் மேசை மீது வைத்தார். இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மணிக்கொரு முறை அழகான கையெழுத்தில் எண்கள்: 97, 96, 97, 98, 96. அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் அவர் விரலில் இரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, இரவு முழுவதும் கண்விழித்துக் குறித்திருக்கிறார். எண் 95-க்குக் கீழே இறங்கவேயில்லை என்பதால் விடியட்டும் என்று வீடே காத்திருந்தது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள அந்த 58 வயதுக்காரருக்கு இ.சி.ஜி. எடுத்தபோது, முந்தைய மாலையே தொடங்கிவிட்ட மாரடைப்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. அடைப்பை நீக்கிவிட்டோம், உயிரோடு இருக்கிறார்; ஆனால் அந்த ஓர் இரவில் இழந்த இதயத்தசையை எவராலும் திருப்பித் தர முடியாது.

இப்படி எண்ணை நம்பிக் காத்திருந்து வருபவர்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த மகளிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. கோபமெல்லாம், 95-க்கு மேல் இருந்தால் பயப்படத் தேவையில்லை என்று ஒருவர் சொல்லி ஒருவர் பரப்பிவிட்ட அந்தப் பாதி உண்மையின் மேல்தான்.

அந்தக் கருவி என்ன செய்கிறது? இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை ஒளியை ஊடுருவச் செய்து கணக்கிடுகிறது, அவ்வளவுதான். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த அந்தத் தத்துவம் அறுவை அரங்குகளில் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த 97-ஐத் தக்கவைக்க உங்கள் நெஞ்சும் இதயமும் எவ்வளவு பாடுபடுகின்றன என்பதை அது சொல்லாது. இரத்தசோகை முற்றி ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கிய ஒரு பெண் நான்கு படி ஏறுவதற்குள் இளைத்து நின்றுவிடுவார். அவர் விரலில் கருவி 99 காட்டும், ஏனெனில் இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினும் நிறைவாகவே ஆக்சிஜனை ஏந்தியிருக்கிறது. கடுமையான ஆஸ்துமாவில் நோயாளி தன் பலத்தையெல்லாம் திரட்டி வேகமாக மூச்சு விட்டு எண்ணைத் தாங்கிப் பிடித்திருப்பார், அவர் களைத்துப்போகும்போதுதான் அது சடசடவென்று சரியும். இன்னொன்றும் உண்டு: தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்திலிருந்து 60-க்கு இறங்கிய பிறகும் கருவி ஏறத்தாழ 90 என்றே காட்டும். எண் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் தாமதமாகவே கிளம்புகிறார்.

நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் எண்ணைப் பிசகச் செய்யும் என்பது பலருக்குத் தெரியும். நிறம் அடர்ந்த தோலில் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. நம்மில் பலர் அந்த நிறத்தவர்கள்.

மறுபக்கத்தில், நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர்களின் வீட்டில் 90 என்ற எண்ணைக் கண்டு பதறி, இருக்கிற ஆக்சிஜனை முழு வேகத்தில் திறந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று நாங்கள் வைத்திருப்போம். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு உடலில் தேங்கி, நோயாளி தூங்குவதுபோல் மயக்கத்துக்குள் போய்விடுவார். மருத்துவர் எழுதித் தராத ஆக்சிஜனை வைக்காதீர்கள்.

நெஞ்சுவலி இல்லையே, பிறகெப்படி மாரடைப்பு என்று அந்தக் குடும்பமும் கேட்டது. சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் கணிசமானவர்களுக்கு அது வலியின்றி மூச்சிரைப்பாக மட்டுமே வருவதுண்டு. திடீரென்று மூச்சு வாங்கினால், அதற்கு வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை இதயத்தைச் சந்தேகியுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பல நாள் படுக்கையில் கிடந்த பிறகோ, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும்போதோ திடீரென மூச்சுத் திணறினால், நுரையீரலுக்குள் இரத்தக்கட்டி போயிருக்கலாம். படுத்தால் திணறி எழுந்து உட்கார்ந்தால் தணிவதும், சில நாள்களிலேயே இரண்டு கிலோ எடை கூடுவதும் இதயம் தளர்ந்து நீர் கோப்பதன் அடையாளங்கள். இவை எதையும் வயதாகிவிட்டது என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடாதீர்கள்.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண்ணைக் குறிக்கும்போது அதன் பக்கத்தில் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, அவர் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பது. 12 முதல் 20 வரை வழக்கமானது, 25-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் அவரால் பேச முடிகிறதா என்பது. மூன்றாவது, எத்தனை தலையணை வைத்துப் படுத்தார் அல்லது படுக்கவே முடியவில்லையா என்பது. அன்றிரவு அந்தத் தாளில் இந்த மூன்றும் இருந்திருந்தால், அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார் என்று முதல் மணியிலேயே எழுதியிருப்பார்கள்.

உதடு நீலமாகிவிட்டாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை முன்னால் சாய்ந்து, முழங்கையை மேசையிலோ முழங்காலிலோ ஊன்றி உட்காரச் செய்யுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். ஆஸ்துமாக்காரராக இருந்தால் அவருடைய நிவாரண இன்ஹேலரை, அதில் பொருத்தும் குழலான ஸ்பேசருடன் கொடுங்கள். அது பழக்கமாகிவிடும் என்று தயங்க வேண்டாம். 100 மைக்ரோகிராம் மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்புகிற ஒன்றைக் கண்டு அஞ்சி, அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையை விழுங்குவதில் பொருளில்லை. பதற்றம்தான் என்று நினைத்துக் காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லவே சொல்லாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், படியிறங்கி நடக்கவும் விடாதீர்கள். நாற்காலியோடு தூக்கி வாருங்கள்.